கேம்பர் ஏற்றுமுன் பக்கியை எடை போடுங்கள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்த வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு டபுள் கேப் பக்கி (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டி) வந்தது. பின்தொட்டியில் கேம்பரை, அதாவது தங்கிக்கொள்ளும் கூண்டை ஏற்றிக்கொண்டு, டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்பியிருந்த குடும்பம். "அண்ணே, கேம்பரை இறக்கிட்டோம். ஆனாலும் பின்பக்கம் தாழ்ந்தே நிக்குது" என்றார் அந்தத் தம்பி. கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் போனது. கீழே நகம்கூட நுழையவில்லை. குனிந்து டார்ச் அடித்தால், கேபினுக்குப் பின்னால் சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) பெயிண்ட் சுருக்கம் விட்டிருந்தது. சேசிஸ் வளைந்துவிட்டது.

"ஏர்பேக் போட்டோமே அண்ணே, அப்புறம் எப்படி?"

விபத்தில் விரியும் ஏர்பேக் அல்ல, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப்பை அது. அதைப் போட்டதால்தான் யாரும் கவனிக்கவில்லை. லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) தன் இரண்டு முனைகளில் பாரத்தைப் பிரித்து சேசிஸுக்குக் கொடுக்கும். ஏர்பேக்கோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. காற்றடித்ததும் வண்டி நிமிர்ந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும். பாரம் மட்டும் ஒரு கிலோகூடக் குறைவதில்லை. மண்சாலையின் அலைமேடுகளில் ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த முட்டுக்குப் பின்னால் தொங்கும் எடை சேசிஸை ஒடிக்கப் பார்க்கும். ஏர்பேக் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அளவான பாரத்துக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன். அதிக பாரத்தை மறைக்க அதைப் போடக்கூடாது.

அதனால் ஸ்பிரிங் விலை கேட்டு வருபவர்களிடம் முதலில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கைப் படிக்கச் சொல்கிறேன். டேர் (வெறும் வண்டியின் எடை), ஜிவிஎம் (வண்டியும் சுமையும் சேர்ந்து இருக்கலாகும் உச்ச எடை) என்று இரண்டு எண்கள் அதிலேயே இருக்கும். ஒரு பேச்சுக்கு டேர் 2,050 கிலோ, ஜிவிஎம் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 950. டேர் கணக்கில் எரிபொருள் சேராது, ஆகவே 80 லிட்டர் டீசலுக்கு 67 கிலோ போனது. நான்கு பேருக்கு 280. கேம்பர் 450. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. ஃபிரிட்ஜ், கூடுதல் பேட்டரி, கேஸ், ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணி), சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 130. மொத்தம் 987. ஒரு இரும்பு பம்பர்கூட மாட்டாமலேயே எல்லை தாண்டியாகிவிட்டது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் ஆக்சிலில் ஏறக்குறைய 130 கிலோ விழும், முன் ஆக்சிலிலிருந்து 30 கிலோ கழன்றுவிடும். வான் ரீனன் கணவாயின் வளைவில் ஸ்டீயரிங் லேசாக மிதப்பது போலத் தோன்றினால் காரணம் அதுதான். தண்ணீர்த் தொட்டியை கேபினை ஒட்டி, தாழ்வாக வையுங்கள். எல்லாம் ஏற்றி, எல்லாரும் உட்கார்ந்த பிறகு எடைமேடையில் முன் ஆக்சிலைத் தனியாக, பின் ஆக்சிலைத் தனியாகப் போடுங்கள்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் 112 என்றிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 115 என்றால் 1,215. தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எடையைத் தாங்க அதற்குரிய காற்று உள்ளே இருக்க வேண்டும். வெறும் வண்டிக்கு அடிக்கும் காற்றோடு கேம்பரை ஏற்றி டிசம்பர் வெயிலில் என்3 நெடுஞ்சாலையில் ஏறினால், டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி உள்ளிருந்தே பிரியும். எல்டி வகை டயர் (சிறு பாரவண்டிக்கான டயர்) நல்லதுதான், ஆனால் அதற்கு இன்னும் கூடுதல் காற்று வேண்டும். பழைய அளவிலேயே ஓட்டினால் காசு வீண். தயாரித்த வாரத்தையும் பாருங்கள்: 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரம். டயரின் பள்ளம் தேய்ந்து 1 மி.மீ. ஆழம் ஆகும் வரை சட்டம் விடுகிறது. கேம்பர் சுமக்கும் வண்டிக்கு நான் விடமாட்டேன்.

ஸ்பிரிங்குக்கு வருவோம். கேம்பர் எப்போதும் வண்டியிலேயே இருக்குமென்றால் அந்த எடைக்கென்றே செய்த லீஃப் ஸ்பிரிங் செட். அவ்வப்போது மட்டும் என்றால் ஒரு கூடுதல் பட்டை போதும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் ஷாக் அப்சார்பரும் அதற்கு ஏற்றதாக மாற வேண்டும், இல்லையென்றால் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும்.

யாரும் சொல்லாத ஒன்று: பல பக்கிகளில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த ஒரு பிரேக் வால்வு உண்டு. வண்டி தாழ்ந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். புது ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் பிடிப்பதால், வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். முழு பாரத்தோடு இறக்கத்தில் வருகையில் பின்பிரேக் பாதிதான் பிடிக்கும். ஸ்பிரிங் மாற்றியவரிடம் அந்த வால்வைச் சரிசெய்தாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தாலும் டிஸ்க்கில் உள்ள ஜிவிஎம் மாறாது. ஆக்சில், பேரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவையே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரருக்குப் பணம் மறுக்க அதுவே இடம் கொடுக்கும்.

அந்தத் தம்பி சேசிஸை நிமிர்த்தி, வலுத்தகடு வைத்துக்கொண்டார். இப்போது பெரிய தண்ணீர்த் தொட்டியை விட்டுவிட்டு, முகாமுக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார். புது ஸ்பிரிங்குக்குப் பிறகு முதல் பயணம் முடிந்து வந்தபோது ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் நான்கையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம். இரண்டு தளர்ந்திருந்தன.