முங்கோ: காற்று கட்டியது, ஆடு கலைத்தது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், தென்மேற்கு மூலை. அங்கே முங்கோ ஏரியின் கரையிலுள்ள ஒரு மண்மேட்டின் வெட்டுமுகத்தை நிலவியலாளர்கள் அடுக்கடுக்காகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடியில் சிவந்து இறுகிக் கிடப்பது கோல் கோல், வயது ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல். அதன் மேல் முங்கோ. உச்சியில் சாம்பல் பூத்தாற்போல் சான்சி. ஏதோ பழைய தெய்வங்களின் பெயர்கள் போலத் தோன்றும். மூன்றுமே செம்மறி ஆட்டுப் பண்ணைகளின் பெயர்கள்.

ஆஸ்திரேலியர்கள் பெரிய மேய்ச்சல் பண்ணையை ‘ஸ்டேஷன்’ என்பார்கள். ஒரு வேலிக்கம்பத்திலிருந்து பார்த்தால் அடுத்த மூலை தெரியாது, அவ்வளவு பெரிய நிலம். 1960-களின் பிற்பகுதியில் ஜிம் பௌலர் என்ற இளம் நிலவியலாளர் இந்தப் பக்கம் வந்தபோது, தான் ஆராய வந்த ஏரிகள் பலவற்றுக்கு வரைபடத்தில் பெயரே இல்லை. எந்த ஏரி எந்தப் பண்ணைக்குள் விழுகிறதோ அந்தப் பெயரையே வைத்துவிட்டார். முங்கோ என்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் தன் காவல் புனிதரைச் செல்லமாக அழைக்கும் பெயர். பண்ணைக்கு வைத்த அந்தப் பெயர் இப்போது மனித வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிவிட்டது.

ஏரி என்று சொன்னேனே தவிர, அதில் தண்ணீர் கிடையாது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட தட்டையான பள்ளம், முழங்கால் உயரத்துக்கு உப்புப் புதர். மேற்குக் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் வெளிறிய மதில் போல ஒரு மேடு தெற்கு வடக்காக ஓடும். 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், பிறைநிலா போல் வளைவு. இந்த மாதிரி மேட்டுக்கு ‘லூனெட்’, அதாவது குட்டி நிலா, என்று 1940-ல் பெயர் வைத்தார் ஹில்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிலவியலாளர். நாம் பிறைமேடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் அதைச் ‘சீனச் சுவர்’ என்பார்கள். பண்ணையில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்களால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள்.

மேடு ஏன் கிழக்குக் கரையில் மட்டும் இருக்கிறது? முங்கோவின் கதை முழுக்க இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளம் நிறைந்திருந்தது. பக்கத்தில் மழை கொட்டியதால் அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே உள்ள மலைத்தொடரில் பனியும் மழையும் சேர்ந்து லக்லன் ஆற்றில் இறங்கும். அதிலிருந்து பிரிந்த வில்லாண்ட்ரா ஓடை ஒவ்வொரு ஏரியாக நிரப்பிக்கொண்டே போகும். முங்கோ அந்த ஓடையின் நேர்ப்பாதையில்கூட இல்லை. பக்கத்து ஏரியான லீகர் நிரம்பி வழிந்தால்தான் இதற்குத் தண்ணீர். வந்த தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. உலகம் குளிர்ந்திருந்த காலம் என்பதால் ஆவியாவதும் குறைவு. ஏரி நின்றது.

தண்ணீர் நிறைந்த ஏரியில் மேற்குக் காற்று அலையைக் கிளப்பும். அலை கிழக்குக் கரையில் மோதி, சேற்றை அலசி நீக்கிவிட்டு, சுத்தமான மணலைக் கரையில் விட்டுவிட்டுப் போகும். அது காய்ந்ததும் அதே காற்று அதை அள்ளிக் கரைக்கு அப்பால் குவிக்கும். கடற்கரையில் மணல்மேடு உருவாகிற அதே கதைதான். ஆகவே மேட்டை வெட்டிப் பார்க்கும்போது வெள்ளை மணல் அடுக்கு வந்தால், அப்போது ஏரி நிறைந்திருந்தது என்று பொருள்.

ஏரி வற்றும்போது நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தண்ணீர் குறையக் குறைய உப்பு கூடும். ஏரியின் அடித்தரை வெளியே வந்து வெயிலில் காயும்போது, களிமண்ணுக்குள் உப்புப் படிகங்கள் முளைத்து மண்ணை உப்ப வைக்கும். தரை பொருபொருவென்று செதில் செதிலாகப் பெயரும். காற்று அந்தச் செதில்களை உருட்டி, மணல் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கிவிடும். பொதுவாகக் களிமண் இரண்டே விதமாக இருக்கும்: ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் தூசியாகி நூறு காதம் பறந்துவிடும். உப்பின் தயவால் இங்கே அது மணலைப் போலக் குதித்துக் குதித்து நகர்ந்து, கரையைத் தாண்டியதும் விழுகிறது. அடுத்த மழையில் உப்பு கீழே இறங்க, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அப்புறம் அதைக் காற்று அசைக்காது. வெறும் மணல்மேடு நகர்ந்துகொண்டே இருக்கும். களிமண் பூசிய மேடு நின்ற இடத்தில் நிற்கும்.

இப்படி ஏரி நிறைந்த காலம் மணலாகவும், வற்றிய காலம் களிமண்ணாகவும் மேட்டில் பதிவாகிக்கொண்டே போனது. உச்சியிலுள்ள சாம்பல் நிற சான்சி அடுக்கு, ஏரி கடைசியாக நிறைந்தும் வற்றியும் தடுமாறிய காலம். கிட்டத்தட்ட 15,000 ஆண்டுகளுக்கு முன் வில்லாண்ட்ரா ஓடையே நின்றுபோனது. மேட்டின் மேல் புல்லும் புதரும் சைப்ரஸ் பைன் மரங்களும் வளர்ந்து மூடிக்கொண்டன.

அந்த மேட்டில் ஆள் நடமாட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் இருந்த காலம் முழுக்க மக்கள் கரையில் அடுப்பு மூட்டினார்கள், மீன் சுட்டார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஏரி ஒவ்வொரு முறையும் அவர்கள் விட்டுப்போனதன் மேல் ஒரு அடுக்கைப் பரப்பியது. பாகண்ட்ஜி, முத்தி முத்தி, ஙியாம்பா என்ற மூன்று பூர்வகுடி மக்களுக்கு இது இன்றும் சொந்த மண்.

சரி, ஆட்டுக்கு வருவோம்.

1860-களில் இங்கே கோல் கோல் பண்ணை நடந்துகொண்டிருந்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் அதன் கொட்டகை 1869-ல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. தடித்த கம்பங்களில் பள்ளம் செதுக்கி, அதில் மரத்துண்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிச் சுவராக்கியிருக்கிறார்கள். மரம் அந்தப் பகுதியிலேயே வளரும் சைப்ரஸ் பைன். அதன் பிசின் மணத்துக்குக் கரையான் கிட்டே வராது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் கொட்டகை நிற்கக் காரணம் அதுதான். கொட்டகைக்கும் பட்டிக்கும் வேலிக்கும் மரம் தேவைப்படத் தேவைப்பட, சுற்றுவட்டாரப் பைன் காடு வெறிச்சோடியதற்கும் அதுவே காரணம்.

ஆடு ஏன் இந்த மண்ணுக்கு இவ்வளவு பாரம்? ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர்கூடத் தேறாத மழை. செடிக்கும் செடிக்கும் நடுவே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் அது வெறும் மண்ணாக இருக்காது. கறுப்பும் பச்சையுமாக மெல்லிய பொருக்கு படர்ந்திருக்கும். நீலப்பசும் பாசி, பாறையிலும் மரப்பட்டையிலும் படருமே அந்த லைக்கன், மாஸ் என்ற குட்டிப் பாசிச்செடி எல்லாம் சேர்ந்து நூலிழை விட்டு மணலைத் தைத்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. மழை பெய்தால் விழித்துக்கொள்ளும், மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும். காய்ந்திருக்கும்போது மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஐரோப்பியர் வரும்வரை ஆஸ்திரேலியாவில் குளம்புள்ள விலங்கு ஒன்றுகூடக் கிடையாது. கங்காருவின் பாதம் நீண்டது, அடியில் மெத்தென்ற சதை. ஐம்பது கிலோ செம்மறியோ நான்கு சிறிய கூர்க்குளம்புகளில் மொத்தப் பாரத்தையும் இறக்குகிறது. அதுவும் தனியாக வருவதில்லை, ஆயிரக்கணக்கில் வருகிறது.

இதைவிட மோசமானது தண்ணீர். வறண்ட பூமியில் ஆடு மேய்க்க வேண்டுமானால் நிலத்தைத் தோண்டி மழைநீரைத் தேக்க வேண்டும். ஆடு தினமும் அந்தக் குட்டைக்கு நடக்கும். உப்புப் புதரைத் தின்றால் தாகம் இன்னும் கூடும், நடையும் கூடும். ஆகாயத்திலிருந்து பார்த்தால் குட்டையைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால் போலத் தடங்கள் விரியும். மையத்தில் புழுதி, கொஞ்சம் தள்ளி ஆடு தொடாத செடிகள் மட்டும், வெகுதூரம் போனால்தான் பழைய தாவரம். 1969-ல் லாங்கி என்ற தாவரவியலாளர் இந்த வட்டத்துக்கு ‘பயோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார், குடிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. உயிர்க்கோளம் என்ற பொருளில் நமக்குப் பழகிய ‘பயோஸ்பியர்’ வேறு, இது வேறு. ஆங்கிலத்தில் அது ‘b’, இது ‘p’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, என்ன செய்ய. கம்பிவேலி வந்ததும் மேய்ப்பன் தேவையில்லாமல் போனது. மந்தையை இடம் மாற்றி ஓட்டுகிற ஆளும் போனார். ஆடு அதே வட்டத்துக்குள் ஆண்டு முழுக்கச் சுற்றியது.

போதாக்குறைக்கு முயல். 1859-ல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட இரண்டு டஜன் முயல்களின் வம்சம், 1880-களில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ஆடு விட்டுவைத்த பைன் கன்றுகளை முயல் முடித்தது. அடுத்து, 1895-ல் தொடங்கி 1900-களின் முதல் சில ஆண்டுகள் வரை நீண்ட பெரும் வறட்சி. 1890-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் 10 கோடிக்கு மேல் செம்மறிகள் இருந்தன, வறட்சி முடிந்தபோது ஏறத்தாழ பாதி. மேற்கு நியூ சவுத் வேல்ஸ் பண்ணையாளர்கள் ஏன் திவாலானார்கள் என்று விசாரிக்க 1901-ல் ஒரு அரச ஆணையமே உட்கார வேண்டியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அரசு கோல் கோலைத் துண்டாக்கி, திரும்பிவந்த போர்வீரர்களுக்குக் கொடுத்தது. முங்கோவும் சான்சியும் தனிப் பண்ணைகளானது அப்படித்தான்.

தோல் போன மேட்டில், அதைக் கட்டிய அதே மேற்குக் காற்று இப்போது பிரிக்கத் தொடங்கியது. மணலை அள்ளி மேட்டுக்குப் பின்னால் கிழக்கே கொட்டியது. அங்கே வெள்ளை மணற்குன்றுகள் இன்னமும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. களிமண்ணை மழை பார்த்துக்கொண்டது. பழைய ஏரி உப்பின் சோடியம் இன்னும் அந்தக் களிமண்ணில் ஒட்டியிருக்கிறது. சோடியம் மிகுந்த களிமண்ணில் நல்ல மழைத்தண்ணீர் பட்டால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பால் போலக் கலங்கி ஓடிவிடும். ஓடியது போக மிச்சம் நிற்கும் கோபுரங்களையும் பள்ளங்களையும்தான் சீனச் சுவர் என்று இன்று படம் எடுக்கிறார்கள். மேட்டைக் கட்ட உதவிய உப்பே அதைக் கரைக்கவும் உதவுகிறது.

1968 ஜூலையில் பௌலர் பார்த்தது அப்படி அரித்துப்போன ஒரு சரிவை. அதில் கருகிய எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. மறு ஆண்டு தொல்லியலாளர்களோடு திரும்பி வந்தார். எலும்புகள் மனிதருடையவை என்று அப்போது தெரிந்தது. ஜான் முல்வேனி என்ற தொல்லியலாளர் தம் பெட்டியில் வைத்து அவற்றை எடுத்துப் போனார். அது ஒரு பெண். உடலை எரித்து, எலும்பை நொறுக்கி, மறுபடி எரித்துப் புதைத்திருக்கிறார்கள். உலகில் இதுவரை தெரிந்த எரியூட்டல்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. 1974 பிப்ரவரி 26 அன்று, மழைக்குப் பின் அதே மேட்டில் நடந்த பௌலர் ஒரு மண்டையோட்டின் விளிம்பைக் கண்டார். கைகளை இடுப்புக்கு மேல் கோத்து, மேலே செங்காவி தூவிப் புதைத்த ஆண். அந்தக் காவி அக்கம்பக்கத்தில் கிடைக்காது, வெகுதூரத்திலிருந்து சுமந்து வந்தது.

வயது சொல்வதில் நிறைய இழுபறி. அந்தப் பெண்ணுக்கு முதலில் கார்பன் முறையில் வந்தது ஏறத்தாழ 26,000 ஆண்டு. கார்பன் கணக்கு 50,000-ஐ நெருங்கும்போது தள்ளாட ஆரம்பிக்கும், துளி புதுக் கார்பன் கலந்தாலும் வயது குறைந்துவிடும். எலும்பை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த மணலைக் கேட்டால் என்ன? குவார்ட்ஸ் மணல் புதைந்து கிடக்கும்போது, மண்ணிலுள்ள இயற்கைக் கதிரியக்கம் அதற்குள் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறைப்படுத்தும். வெயில் பட்டால் அத்தனையும் விடுதலை, கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆய்வகத்தில் இருட்டில் வைத்து ஒளி பாய்ச்சினால் மணல் மெல்ல ஒளிரும். அந்த ஒளியை அளந்தால் அது கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆனது என்று தெரியும். 1999-ல் ஒரு குழு அந்த ஆணுக்கு 62,000 ஆண்டு என்றது. 2003-ல் பௌலர் குழு மணல் அடுக்குகளை அளந்து, இருவருமே 40,000 ஆண்டுக்கு அருகில் என்றது. இன்று 42,000 என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

மேட்டில் எலும்பு தெரிவது நல்ல செய்தி மாதிரித் தோன்றும். உண்மையில் அரிப்பு அதை எட்டிவிட்டது என்றுதான் அர்த்தம். வெளியே வந்தது சில மழைக்குள் போய்விடும். பௌலர் பார்க்காமல் எத்தனை போயிற்றோ. 1979-ல் முங்கோ தேசியப் பூங்காவாகி ஆடுகள் வெளியேறின, 1981-ல் வில்லாண்ட்ரா ஏரிகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஏரித்தரையில் செடிகள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மேட்டின் அரிப்பு மட்டும் நிற்கவில்லை.

எடுத்துப் போனதைத் திருப்பித் தரவும் நாளானது. கேட்காமல் எடுத்தீர்கள் என்று பூர்வகுடி மூத்தவர்கள் விடாமல் சொல்லிவந்தார்கள். அந்தப் பெண் 1992-லும், ஆண் 2017-லும் ஊர் திரும்பினார்கள். 2022-ல் இருவரையும் மறுபடி புதைத்தார்கள், இடம் வெளியே சொல்லப்படவில்லை.

2003-ல் முத்தி முத்தி இளம்பெண் ஒருவர் பக்கத்து ஏரிப்படுகையில் கால்தடம் ஒன்றைக் கண்டார். தோண்டத் தோண்ட நூற்றுக்கணக்கில் வந்தன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண்ணில் பெரியவர்களும் குழந்தைகளும் நடந்தது, ஓடியது. ஒரு வரிசையில் வலது கால் மட்டும்தான் பதிந்திருந்தது. மத்திய ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிண்டுபி என்ற பூர்வகுடியின் தடம் பார்ப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஒற்றைக்கால் மனிதர் என்றார்கள், நல்ல வேகத்தில் போயிருக்கிறார் என்றார்கள். அளந்து, படம் எடுத்து, அச்சு வார்த்து முடித்ததும் எல்லாத் தடங்களையும் மணல் போட்டு மூடிவிட்டார்கள்.