ரெஜிஸ்டர்: பதிவேட்டில் பெயர் இருந்தால் பணியில் ஆள் இருக்கிறாரா?

"மாநிலத்தில் மொத்தம் இத்தனை மருத்துவர்கள், இத்தனை செவிலியர்கள்" என்று ஒரு எண்ணைச் செய்தியில் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். பல நேரங்களில் அது மருத்துவ கவுன்சில் அல்லது நர்சிங் கவுன்சிலின் ரெஜிஸ்டரில் இருந்து எடுத்ததாக இருக்கும். அதை மக்கள்தொகையோடு வைத்து வகுத்து, ஆயிரம் பேருக்கு இத்தனை பேர், ஆகவே போதும் என்றோ போதாது என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள். ரெஜிஸ்டர் என்பது எதற்காக உண்டானது என்று தெரிந்தால் இந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்பது புரியும்.

சொல்லின் வேர் லத்தீன். கெரெரே என்றால் சுமந்து செல்வது. 'திரும்ப' என்று பொருள்தரும் 'ரெ' முன்னால் சேர்ந்து ரெகெரெரே ஆனது. திரும்பக் கொண்டுவருவது, எடுத்துப் பதிந்து வைப்பது என்று அதற்குப் பொருள் விரிந்தது. பதியப்பட்டவை ரெகெஸ்டா. அது இடைக்கால லத்தீனில் ரெஜிஸ்ட்ரும் என்று மாறி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் முந்தைய தலைமுறை 'ரிஜிஸ்தர்' என்று எழுதியது. ரிஜிஸ்தர் தபால், ரிஜிஸ்தர் கல்யாணம் எல்லாம் அந்த வழக்குதான்.

தமிழில் பதிவேடு. பதிவும் ஏடும் சேர்ந்த சொல், பொருளும் அப்படியே பொருந்துகிறது. இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அல்ல, சோழர் கல்வெட்டுகளில் வரிக்கணக்கு ஏட்டுக்கு 'வரிப்பொத்தகம்' என்ற பெயர் இருக்கிறது. ஆக, ரெஜிஸ்டர் என்றால் பதிவேடு என்பதில் சிக்கலே இல்லை. சிக்கல் அந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான்.

மருத்துவர் பதிவேட்டுக்குப் பெரிய முன்மாதிரி பிரிட்டனின் 1858 மருத்துவச் சட்டம். அதன் முகப்புரை சொல்லும் நோக்கம் ஒன்றே ஒன்று: மருத்துவ உதவி தேடுபவர்கள் தகுதி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்தறிய வேண்டும். செவிலியர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி நாடு முழுக்கப் பதிவேடு கொண்டுவந்த முதல் நாடு நியூசிலாந்து, 1901ல். அந்தப் பதிவேட்டில் முதலில் ஏறிய பெயர் எல்லன் டோஹர்ட்டி, 1902 ஜனவரியில். இதுவும் தகுதியை உறுதிசெய்யத்தான். அதாவது, யார் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற கேள்விக்கு விடை சொல்லவே பதிவேடு பிறந்தது. யார் செய்துகொண்டிருக்கிறார், எந்த ஊரில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அதை யாரும் கேட்கவில்லை.

அதனால் ஒருமுறை பதிந்தால் போதும், புதுப்பிக்கத் தேவையில்லை என்ற விதி உள்ள இடங்களில் ஓய்வு பெற்றவர், வெளிநாடு போனவர், தொழிலையே விட்டவர், இறந்துபோனவர் எல்லோரும் ஏட்டில் தொடர்ந்து இருப்பார்கள். இரண்டு மாநிலங்களில் பதிந்தவர் இரண்டு முறை எண்ணப்படுவார். முகவரி வீட்டு முகவரியாக இருந்தால், தலைநகரில் குடியிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளிப் பணிக்குப் போகிறவர் தலைநகரின் கணக்கில்தான் சேர்வார்.

இங்கேதான் தலைகளை எண்ணுவதும் உழைப்பை எண்ணுவதும் வேறாகின்றன. வாரத்துக்கு 40 மணி நேரம் முழுநேரம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 40 மணி நேரமும் இருவர் தலா 20 மணி நேரமும் பார்க்கும் இடத்தில் மருத்துவர்கள் மூவர், ஆனால் கிடைக்கும் உழைப்பு இரண்டு பேருடையது. ஆங்கிலத்தில் 'ஃபுல் டைம் ஈக்விவலென்ட்' எனப்படும் இந்த அளவுக்கு 'முழுநேர இணை' என்ற தமிழ் எனக்குப் பிடித்திருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது.

இதோடு ஒட்டி வரும் இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம். சப்ளை என்பதற்கு 'வழங்கல்' என்று எழுதுகிறார்கள், அது பொருளுக்குச் சரி, ஆளுக்கு ஒட்டவில்லை. அணையின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: வரத்து, இருப்பு, வெளியேற்றம். படித்து முடித்து வருபவர்கள், வெளியிலிருந்து வந்து சேர்பவர்கள் வரத்து. இன்று பணியில் இருப்பவர்கள் இருப்பு. ஓய்வு, இடம்பெயர்வு, பணி விலகல் வெளியேற்றம். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. டிஸ்ட்ரிபியூஷனுக்கு 'விநியோகம்' வேண்டாம், 'பரவல்' போதும். மாநில சராசரி மிக நன்றாக இருக்கும்போதே ஒரு மாவட்டத்தில் மயக்க மருந்து நிபுணர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம், அங்கே அவசர அறுவை தேவைப்படும் கர்ப்பிணியை எங்கேயோ அனுப்ப வேண்டியிருக்கும். சராசரி அந்தப் பெண்ணைக் காட்டாது, பரவல் காட்டும். தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது இந்தக் கோணலைத்தான்.

சரி, பதிவேட்டைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம், அதன் மேல்தான் கட்ட முடியும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1979 முதல், மருத்துவர், செவிலியர் போன்றோருக்குத் தொழில் உரிமம் தரும் வாரியங்களின் தரவை ஆண்டுதோறும் திரட்டிவருகிறார்கள். உரிமத்தைப் புதுப்பிக்க எப்படியும் படிவம் நிரப்ப வேண்டும், அதிலேயே பணியில் இருக்கிறீர்களா, எந்த இடத்தில், எந்தத் துறையில், எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டால் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தும் செலவு மிச்சம். ஆண்டுதோறும் ஒரே கேள்விகளைக் கேட்பது முக்கியம். ஒரு வருடத்து எண் ஒரு படம்தான், பத்து வருடத்து எண்கள் வரிசையாக இருந்தால் எந்த மாவட்டம் காலியாகிக்கொண்டு வருகிறது என்பது தெரியும்.

இப்படித் திரட்டியதற்குப் பதிவேடு என்ற பெயர் பொருந்தாது. 'பணியாளர் கணக்கு' என்று சொல்லலாம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக் கவனிக்கும் வேலைக்குப் 'பணியாளர் தொடர்கணக்கு'. அப்புறம், எழுதும்போது 'பதிவு பெற்ற செவிலியர்கள்' என்றும் 'பணியிலுள்ள செவிலியர்கள்' என்றும் பிரித்தே எழுதுங்கள், கையில் முதல் எண் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.