கண்ணாடிப் பாகும் கம்பிப் பதமும்

என் மேசை மேல் ஒரு பாலிதீன் கவருக்குள் உள்ளங்கை அகலத்தில் கிளாஸ் வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கிறது. இரண்டு அங்குலத் தடிப்பு, மஞ்சள் நிறம். தம்பி தன் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போட்டபோது வெட்டி மிஞ்சியதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். பக்கவாட்டில் பார்த்தால் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகத் தெரிகிறது. ஓரத்தை விரலால் இழுத்தால் ஒரு ஏடு அப்படியே கழன்று வருகிறது. மேலிருந்து அழுத்தினால் அரை அங்குலத்துக்கு அடங்குகிறது. கையை எடுத்ததும் எழுந்து பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது.

இதற்குள் கண்ணாடி எவ்வளவு இருக்கும்? இந்த ரகம் கனமீட்டருக்கு 24 கிலோ. கெட்டியான கண்ணாடி கனமீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ. வகுத்துப் பாருங்கள், நூற்றில் ஒரு பங்குதான் கண்ணாடி. மீதி 99 பங்கும் காற்று. சூட்டைத் தடுப்பது அந்தக் காற்றுதான். அதை அசையவிடாமல் பிடித்து வைப்பது கண்ணாடியின் வேலை. இந்தப் பொருளைச் செய்யும் தொழிற்சாலையின் மொத்தப் பாடும், மிகக் குறைந்த கண்ணாடியை வைத்து மிக அதிகமான காற்றை எப்படிக் கட்டிப்போடுவது என்பதுதான்.

நம் ஊரில் ஃபைபர் என்றதும் மீனவர்களின் ஃபைபர் படகும் குளியலறை ஃபைபர் கதவும்தான் நினைவுக்கு வரும். அதுவும் கண்ணாடி இழைதான், ஆனால் அது பிசினில் தோய்த்து இறுக்கிய நீள இழை, உறுதிக்காகச் செய்வது. இங்கே பேசுவது குட்டை இழைகளைப் பஞ்சாகச் சேர்த்த ரகம்.

காற்றுதான் தடுக்கிறது என்றால் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இரண்டு அங்குலம் வெறும் இடைவெளி விட்டால் போதாதா? நல்ல கேள்வி. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. ஒரு மீட்டர் கனசதுரத்தின் இரு பக்கங்களுக்கு இடையே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், அசையாத காற்றின் வழியே போவது வெறும் 0.026 வாட். கண்ணாடி வழியே சுமார் 1 வாட் போகும். நாற்பது மடங்கு. ஆனால் சுவருக்குள் விடும் இடைவெளியில் காற்று அசையாமல் நிற்காது. சூடான பக்கத்தில் மேலே ஏறி, குளிர்ந்த பக்கத்தில் கீழே இறங்கி, வெப்பத்தைச் சுமந்துகொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். கூரையில் சூடு மேல் பக்கம் இருப்பதால் இந்தச் சுழற்சி குறைவு. ஆனால் வெப்பக் கதிர்வீச்சுக்கு மேல் கீழ் எல்லாம் கிடையாது. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாய்ந்து வரும்.

மே மாத மதியம், மங்கிப்போன பழைய தகரம் 65 டிகிரியில் இருக்கிறது, கீழே பட்டறைக்குள் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சாக மட்டுமே ஒரு சதுர மீட்டர் தகரத்திலிருந்து கீழே இறங்குவது சுமார் 200 வாட். அதற்கு அடியில் இரண்டு அங்குலம் கிளாஸ் வூல் இருந்தால், அதே வெப்பநிலை வித்தியாசத்தில் அதைத் தாண்டி வருவது 24 வாட்தான். கூரைக்குக் கீழே நின்று வெல்டிங் செய்பவரின் உச்சந்தலைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

கதிர்வீச்சைப் பஞ்சு எப்படி மறிக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 65 டிகிரியில் இருக்கும் ஒரு பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் உச்சத்தில் இருப்பது 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்குப் பக்கத்தில். பஞ்சின் இழைத் தடிப்பு சுமார் 5 மைக்ரான். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அலையின் அளவும் இழையின் அளவும் இப்படி அருகருகே இருந்தால், இழை அந்தக் கதிரைச் சிதறடிப்பதிலும் விழுங்குவதிலும் பலே கெட்டிக்காரனாகிவிடும். போதாததற்கு, கண்ணாடியில் இருக்கும் சிலிக்காவே 9, 10 மைக்ரான் பக்கத்துக் கதிர்களை நன்றாக உறிஞ்சும். கதிர் கொஞ்ச தூரம் போகும், ஓர் இழையில் மாட்டும், திரும்ப வெளிவரும், அடுத்த இழையில் மாட்டும்.

அதற்காகப் பஞ்சை நெருக்கிக்கொண்டே போகவும் முடியாது. இழை குறைவாக இருந்தால் கதிர் கசியும். மிக அதிகமாக இருந்தால் இழையும் இழையும் தொட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகவே சூடு நடந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவில், கனமீட்டருக்குச் சுமார் 50 முதல் 80 கிலோ அடர்த்தியில், கசிவு மிகக் குறைவாக இருக்கும். விலையும் எடையும் பார்த்துப் பெரும்பாலான கட்டடங்களுக்கு அதைவிட லேசான ரகத்தையே போடுகிறார்கள்.

சரி, இழையை எப்படிச் செய்கிறார்கள்?

இயற்கை இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. ஹவாயில் எரிமலை பொங்கும்போது, தெறிக்கும் எரிமலைக் குழம்பைக் காற்று இழுத்து மெல்லிய பொன்னிறக் கண்ணாடி முடிகளாக்கிவிடும். எரிமலைத் தெய்வத்தின் பெயரால் அதைப் பெலேயின் கூந்தல் என்பார்கள். மனிதர்களும் கண்ணாடிக் கம்பியைச் சூடாக்கி இழுத்து நூல் எடுத்திருக்கிறார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் எட்வர்ட் லிபி கண்ணாடி நூலையும் பட்டு நூலையும் சேர்த்து நெய்த உடையைக் காட்டினார். பார்க்க அழகு, டன் கணக்கில் செய்ய வழியில்லை.

வழி கிடைத்தது 1932-இல், அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில். டேல் க்ளைஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளைக் காற்றுப் புகாமல் ஒட்ட முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியை அழுத்தக் காற்றால் பீய்ச்சியபோது ஒட்டுவதற்குப் பதிலாக மெல்லிய இழைகள் சிதறிப் பறந்தன. செய்ய வந்த வேலை கெட்டது. ஆனால் அவருடன் இருந்த கேம்ஸ் ஸ்லேட்டர், தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். காற்றுக்குப் பதில் நீராவியைப் பாய்ச்சி முறையைச் செம்மையாக்கி 1933-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1938-இல் கிடைத்தது. அதே ஆண்டு ஓவன்ஸ்-இல்லினாயும் கார்னிங் நிறுவனமும் சேர்ந்து ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் நிறுவனத்தைத் தொடங்கின.

இன்று பரவலாக இருப்பது 1950-களில் பிரான்சின் செங்கோபன் நிறுவனம் வளர்த்தெடுத்த சுழல் முறை. இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் எதுவும் தேவையில்லை, திருவிழாவில் பஞ்சுமிட்டாய் வண்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். நடுவில் ஒரு கிண்ணம் சுற்றுகிறது. சூட்டில் இளகிய சர்க்கரை அதன் சின்னத் துளைகள் வழியே வெளியே வீசப்படுகிறது. காற்றில் பட்டதும் இழையாக உறைகிறது. கண்ணாடித் தொழிற்சாலையில் அந்தக் கிண்ணத்துக்கு ஸ்பின்னர் என்று பெயர். நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத்தில் செய்த தட்டு, அதன் பக்கச் சுவரில் ஆயிரக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அங்கே உள்ள கண்ணாடியை வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 900 மடங்கு. இதெல்லாம் உலோகம் செக்கச்செவேலென்று காயும் சூட்டில், இரவு பகலாக.

துளையை விட்டு வெளியே வரும் நூல் இன்னும் தடிமன்தான். தட்டைச் சுற்றி வளையமாக இருக்கும் பர்னரிலிருந்து சூடான வாயு கீழ்நோக்கிச் சீறி, அந்த நூலை இன்னும் இழுத்து நீட்டி 5 மைக்ரானுக்குக் கொண்டுவருகிறது. ஒரு கிலோ கண்ணாடியை அந்தத் தடிப்பில் ஒரே இழையாக இழுத்தால் சுமார் 20,000 கிலோமீட்டர் வரும். பூமியின் சுற்றளவில் பாதி. (நிஜத்தில் குட்டை குட்டையாக அறுந்து விழும், அதுதான் வேண்டும்.)

தண்ணீரை இப்படிச் சுழற்றினால் துளித் துளியாகத்தான் தெறிக்கும். கண்ணாடி ஏன் இழையாகிறது? அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு விடை தெரியும். இளம் பாகு சொட்டும்; பதம் ஏறினால் விரலுக்கு நடுவில் கம்பி நிற்கும். கண்ணாடிக்குப் பனிக்கட்டி மாதிரி குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது. உலையில் 1,400 டிகிரியில் ஓடும் குழம்பு, சூடு இறங்க இறங்கத் தேனாகி, மெழுகாகி, கெட்டியாகும். நடுவில் ஒரு நூறு டிகிரி அளவுக்குக் கம்பிப் பதம். அந்த நேரத்தில் இழுத்தால், துளியாக உடைவதற்குள் மெல்லிய இழை குளிர்ந்து உறைந்துவிடுகிறது. பஞ்சுமிட்டாயில் இருக்கும் சர்க்கரையும் இதே வகையில் படிகமாகாமல் உறைந்த பொருள். அறிவியல் கணக்கில் அதுவும் ஒரு கண்ணாடிதான்.

அதனால் இந்தத் தொழிலில் புதிதாக ஒன்றை உருவாக்குவது என்றால் பெரும்பாலும் பாகின் கலவையை மாற்றுவதுதான். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக் கல், டோலமைட், போராக்ஸ், இவற்றோடு பழைய கண்ணாடிப் பாட்டிலும் ஜன்னல் கண்ணாடியும் நொறுக்கியது. உடைசல் கண்ணாடி மணலைவிடக் குறைந்த எரிபொருளில் இளகும் என்பதால் சில ஆலைகள் கலவையில் பாதிக்கு மேல் அதையே போடுகின்றன. கலவையில் தவறினால் இரண்டு தொல்லை. பதம் வரும் சூடு மிக அதிகமாக இருந்தால் ஸ்பின்னர் உலோகமே இளகிவிடும். அந்தச் சூடு படிகம் உருவாகும் சூட்டுக்கு நெருக்கமாகப் போனால், பாகு கற்கண்டாகப் பூத்துப்போவதுபோல, கண்ணாடிக்குள் படிகம் முளைத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளும். போராக்ஸிலிருந்து வரும் போரான் இரண்டையும் சமாளிக்கிறது. விலை கூடுதல் என்றாலும் அதைக் குறைக்கத் தயங்குவது இதனால்தான்.

இழைகள் கீழே விழும்போதே அவற்றின் மேல் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தூவுகிறார்கள். அடியில் காற்றை உறிஞ்சும் கன்வேயர் பெல்ட். உறிஞ்சும் வேகத்தில் இழைகள் படுக்கையாகவே போய்ப் படிகின்றன. என் கையில் இருக்கும் துண்டு ஏடு ஏடாக இருப்பது இதனால். சூடு மேலிருந்து கீழே வர வேண்டுமானால் படுத்திருக்கும் இழைகளுக்குக் குறுக்கே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித்தான் வர வேண்டும். இழை நெட்டுக்குத்தாக நின்றிருந்தால் அதற்கு ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

அப்புறம் 200 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பு. மேலும் கீழும் நகரும் தட்டுகள் பஞ்சைத் தேவையான தடிப்புக்கு அமுக்கிப் பிடித்திருக்கும்போதே பசை இறுகுகிறது. இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. இழையே ஒரு சின்ன ஸ்பிரிங், பசை அதற்கு முடிச்சு. அழுத்தினால் எழுவதற்கு இந்த முடிச்சுகளே காரணம். இந்தக் குணத்தை நம்பித்தான் ரோலைச் சுருட்டும்போது இறுக்கிச் சுருக்குகிறார்கள். இல்லாவிட்டால் லாரியில் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மஞ்சள் நிறமும் பசையின் நிறம்தான், கண்ணாடி வெள்ளை. நெடுங்காலமாக இருப்பது பீனால்-ஃபார்மால்டிஹைடு பசை. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக, ஃபார்மால்டிஹைடு வேண்டாம் என்று சர்க்கரையை அடிப்படையாகக் கொண்ட பசைகளும் வந்துவிட்டன. அந்த ரகம் அடுப்பில் சர்க்கரை கருகும் நிறத்தில், காபிப் பழுப்பில் வெளிவரும்.

தொட்டால் அரிப்பது பற்றிப் பலருக்கும் பயம் உண்டு. அரிப்பு விஷத்தால் வருவதில்லை. தடித்த இழைகளின் முனை தோலில் குத்துவதால் வருவது. தேய்க்காமல், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் அடங்கும். நுரையீரல் பற்றிய கேள்வி இதைவிடத் தீவிரமானது. ஆஸ்பெஸ்டாஸ் நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் மெல்லியதாகி, உடலுக்குள் கரையாமல் தங்கிவிடும். கண்ணாடி இழை குறுக்காக ஒடிந்து குட்டையாகும். நுரையீரல் நீரில் மெல்லக் கரையும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் கிளாஸ் வூலைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற பட்டியலில் வைத்தது. 2001-இல் மறுபடி ஆராய்ந்து, கட்டட இன்சுலேஷனுக்கான ரகத்தை அந்தப் பட்டியலிலிருந்து மாற்றி, வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாதவற்றோடு சேர்த்தது. எளிதில் கரையாத சில சிறப்பு ரக இழைகள் பழைய பட்டியலிலேயே இருக்கின்றன. முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தலைக்கு மேலே இதை வெட்டிப் பொருத்தும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். அவற்றை வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

கடைசியாகத் தண்ணீர். அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் தண்ணீர் பஞ்சுக்குள் புகுந்துவிட்டால், நூற்றில் 99 பங்கு இருந்த காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் மழை பெய்தால்தான் நனையும் என்பதில்லை. ஏசியின் குளிர்காற்று போகும் தகரக் குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் போட்டு அதற்கு வெளியே அலுமினியத் தாள் சுற்றியிருப்பார்கள். உள்ளே குளிர்ந்த தகரம், வெளியே ஈரக் காற்று. தாள்தான் இரண்டுக்கும் நடுவில் கதவு. மூட்டில் ஒட்டிய டேப் இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்தால் போதும். ஈரக் காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த தகரத்தில் வேர்க்கும். பஞ்சு நனையும், நனைந்த இடத்தில் குளிர் வெளியே வரை எட்டும், தாளின் வெளிப்பக்கமும் வேர்க்கத் தொடங்கும். அலுவலக ஃபால்ஸ் சீலிங்கில் டீக்கறை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிந்தால் ஓர் ஏணியைப் போட்டு அதற்கு நேர் மேலே பாருங்கள். பல நேரம் அங்கே வாய் பிளந்திருக்கும் டேப்தான் கண்ணில் படும். நனைந்த பஞ்சை அப்படியே வைத்து மேலே புது டேப் ஒட்டிவிடாமல், அந்த அளவுக்கு வெட்டி எடுத்து, தகரத்தைத் துடைத்துக் காயவைத்து, புதுத் துண்டை அமுக்காமல் முழுத் தடிப்பில் பொருத்திய பிறகு தாளை மூட வேண்டும்.