‘உத்தேச வேட்பாளர்’ என்பவர் யார்?

ஒரு ஜனாதிபதித் தேர்தல் முடிந்து அடுத்ததற்குப் பல ஆண்டுகள் இருக்கும்போதே, யார் யார் போட்டியிடக்கூடும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலைய வாசிகசாலைகளில் தொடங்கிவிடுகிறது. 2029ஆம் ஆண்டில் நடைபெறவேண்டிய தேர்தலும் இதற்கு விலக்கல்ல. அப்பேச்சில் வரும் பெயர்களுக்கு முன்னால் பத்திரிகைகள் ‘உத்தேச வேட்பாளர்’ என்ற தொடரைச் சேர்த்துவிடுகின்றன. கட்சி தீர்மானித்துவிட்ட ஒருவரும், எவரோ சிலர் மனத்தில் எண்ணிப் பார்க்கும் ஒருவரும் இத்தொடருக்குள் ஒன்றாகிவிடுவதால், வாசகர் அறியவேண்டிய வேறுபாடு மறைந்துபோகிறது என்பதே என் கவலை.

முதலில் ‘உத்தேசம்’. வடமொழியில் சுட்டுதல் என்ற பொருளுடைய வினையடி ஒன்றிலிருந்தே திசை, தேசம், உபதேசம் ஆகிய சொற்கள் பிறந்தன. உத்தேசமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. குறித்துச் சொல்லுதல் என்று தொடங்கிய அதன் பொருள், பின்னர் கருத்து, நோக்கம் என விரிந்தது. நியாயம் என்னும் தர்க்க நூலார் ஒரு பொருளை ஆராயும் முறையை உத்தேசம், இலக்கணம், பரீட்சை என்று வகுத்தனர். பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பது உத்தேசம். அதற்கே உரிய தன்மையைக் கூறுவது இலக்கணம். கூறிய இலக்கணம் பொருந்துகிறதா என்று சோதிப்பது பரீட்சை. அந்த வரிசையில் உத்தேசம் என்பது பெயர் சொல்லியாயிற்று என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்துவதில்லை என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

நம்முடைய வழக்கில் இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. “அவற்றை உத்தேசம் என்ன?” என்று கேட்டால் அவருடைய எண்ணம் என்ன என்பது பொருள். “உத்தேசமாய் நூறு பேர் வந்திருப்பினம்” என்றால் அது ஏறத்தாழ என்ற கணிப்பு. அரச தமிழிலோ ‘உத்தேச சட்டமூலம்’ என்பது, வரைந்து முன்வைக்கப்பட்டு இன்னும் நிறைவேற்றப்படாத சட்டமூலத்தைக் குறிக்கிறது. ‘உத்தேச வேட்பாளர்’ என்ற தொடர் இந்த அரச வழக்கைப் பின்பற்றியே அமைந்தது. ஆதலால் அதைப் படிப்பவர், ஒரு கட்சி அந்தப் பெயரை முன்வைத்துவிட்டது என்றே விளங்கிக்கொள்வார். எழுதியவர் அத்தனை உறுதியை எண்ணியிருக்கமாட்டார்.

‘வேட்பாளர்’ அழகிய சொல். விரும்புதலைக் குறிக்கும் ‘வேள்’ என்ற வினையடியிலிருந்து வேட்கை, வேட்பு, வேட்டல், வேள்வி ஆகியன பிறந்தன. வேட்டல் என்பதற்கு விரும்புதல், வேள்வி செய்தல், மணஞ்செய்தல் என்ற பொருள்கள் பழைய இலக்கியத்தில் உண்டு. ‘கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்று திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம் கூறும் இடத்தில், கேளாதவரும் விரும்பும்படி என்பதே ‘வேட்ப’ என்பதன் பொருள். குறளில் விருப்பம் கேட்பவர் பக்கத்தில் இருக்கிறது. தேர்தலில் அது பதவியை வேண்டி நிற்பவர் பக்கத்துக்கு வந்துவிட்டது. எழுத்தாளர், பேச்சாளர் என்பவற்றைப்போல வேட்பு என்பதுடன் ‘ஆளர்’ சேர்ந்து சொல் நிறைவுபெற்றது.

இலங்கைத் தமிழில் முந்திய தலைமுறையினர் ‘அபேட்சகர்’ என்று எழுதினார்கள். சிங்களத்தில் இன்றும் வழங்கும் ‘அபேக்ஷக’ என்பதும் அதுவே. பார்த்தல் என்ற பொருளுடைய வடமொழி அடியிலிருந்து வந்ததாகையால், எதிர்நோக்கி இருப்பவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உரோமரோ பதவி வேண்டி வாக்குக் கேட்பவர் அணிந்த வெண்ணிற ஆடையைக்கொண்டு அவருக்குப் பெயரிட்டார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வேட்பாளரைக் குறிக்கும் சொல் அந்த இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. ஆடையால் அமைந்த பெயரைக் காட்டிலும் மனத்தின் விருப்பத்தால் அமைந்த தமிழ்ப்பெயர் பொருளுக்கு நெருக்கமானது என்பேன்.

விருப்பம் மட்டும் ஒருவரை வாக்குச்சீட்டில் ஏற்றிவிடாது. இலங்கையில் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிடுபவர் சட்டம் குறிக்கும் வயதை அடைந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்றின் வழியாக வராதவர், நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டவராகவோ முன்னர் அவ்வாறு இருந்தவராகவோ இருத்தல் வேண்டும். கட்டுப்பணம் செலுத்தி, பெயர் குறித்த நியமனப் பத்திரம் ஏற்கப்பட்ட பின்னரே அவர் பெயர் உறுதியாகிறது. 2024ஆம் ஆண்டில் அந்த நாள் ஆகஸ்ட் 15. அன்று 39 பேர் ஏற்கப்பட்டனர்.

அந்த நாளுக்கு முன்னர் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஸ்ரீலங்கா பொதுஜன பெரமுனவின் வேட்பாளராகத் தம்மிக்க பெரேராவின் பெயரே வெகுவாக அடிபட்டது. ஆகஸ்ட் முற்பகுதியில் அவர் விலகிக்கொள்ள, கட்சி நாமல் ராஜபக்ஷவை அறிவித்தது. 2014ஆம் ஆண்டிலும் எதிரணிப் பொது வேட்பாளர் யார் என்பதற்கு ரணில் விக்கிரமசிங்க, சந்திரிகா குமாரதுங்க, மாதுளுவாவே சோபித தேரர் என்று பல பெயர்கள் பேசப்பட்டன. நவம்பர் 21ஆம் திகதி அரசாங்கத்தின் சுகாதார அமைச்சராக இருந்த மைத்திரிபால சிறிசேன வெளியே வந்து நின்றார்.

நமது பகுதியில் இதனினும் வேறான ஒன்று நடந்தது. ‘தமிழ்ப் பொது வேட்பாளர்’ என்ற கருத்து 2024இன் முற்பாதி முழுவதும் விவாதிக்கப்பட்டபோது அதற்கு உரிய ஆள் ஒருவர் இருக்கவில்லை. நிறுத்துவது சரியா, தவறா என்பதைப் பற்றிய வாதமே முதலில் வந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பாக்கியசெல்வம் அரியநேத்திரனின் பெயர் ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. சங்குச் சின்னத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்ட அவர் 226,343 வாக்குகள் பெற்றார். ஆளில்லாத அந்த வேட்பாளரை ‘உத்தேச வேட்பாளர்’ என்று அழைத்தல் பொருத்தமே, ஏனெனில் அங்கே இருந்தது ஒரு நோக்கம். ஆளின் பெயர் மட்டும் இருந்து நோக்கம் எவருடையது என்று தெரியாத இடத்தில்தான் அச்சொல் தவறாகிறது.

அத்தகைய இடத்துக்கு உரிய சொல் ‘ஊகம்’. இதுவும் வடமொழியிலிருந்து வந்ததே. பலர் ‘யூகம்’ என்று எழுதுகிறார்கள். திருமுருகாற்றுப்படையில் யூகம் என்றால் கருங்குரங்கு, பிற இடங்களில் படைவகுப்பு. எனவே ஊகம் என்றே எழுதுதல் நன்று. தமிழிலே சொல்லவேண்டுமானால் ‘உய்த்துணர்தல்’ உண்டு, ஆனால் அது கூறப்பட்டதைக்கொண்டு கூறப்படாததை அறிதல். தொல்காப்பியர் அதை உத்திகளில் ஒன்றாக வைத்தார். சான்று எதுவும் இல்லாத தேர்தல் பேச்சுக்கு அத்தனை உயர்ந்த சொல் பொருந்தாது. அறிவு பெறும் வழிகளை ஆராயும் அளவைநூலார் கூறும் ‘கருதல்’ புகையைக்கண்டு நெருப்பை அறிவது. அதற்கும் புகையாவது வேண்டும். ஏறத்தாழக் கணித்தல் என்ற பொருளில் நம் ஊர்ப் பேச்சில் வழங்கும் ‘மட்டுக்கட்டுதல்’ எனக்குப் பிடித்த சொல், ஏனெனில் மட்டுக்கட்டுபவர் யார் என்பது அதில் எப்போதும் தெரிந்துவிடுகிறது.

‘எதிர்பார்க்கப்படும் வேட்பாளர்’ என்ற தொடரில் அது தெரிவதில்லை. எதிர்பார்ப்பவர் கட்சிச் செயலாளரா, செய்தியாளரா என்று வாசகர் கேட்டால் விடை இராது. ஆகவே கட்சி தீர்மானித்துப் பத்திரம் கையளிக்காதிருக்கும் நிலையில் ‘முன்மொழியப்பட்டவர்’ என்றும், வெறும் பேச்சு நிலையில் ‘இன்னார் போட்டியிடலாம் என்று இன்ன கட்சியினர் ஊகிக்கின்றனர்’ என்றும், ஊகிப்பவரை எழுவாயாக வைத்து எழுதலாம். ‘வேட்பாளர்’ என்ற சொல்லை நியமனப் பத்திரம் ஏற்கப்படும் நாள்வரை வைத்திருக்கலாம்.