பெட்டி எந்தப் பக்கத்தில் எழுந்தது?

“தம்பி, புதுசு போட்டாச்சு எண்டு சொன்னீங்கள். ராத்திரி முழுக்கக் கதவு திறந்து கிடந்தும் ஒரு அலாரமும் வரேல்ல.”

குளிர்அறை ஒன்றின் பொறுப்பாளர் இப்படித் தொலைபேசியில் சொன்னபோது நான் காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றிருந்தேன். அந்த அறையின் வெப்பநிலையையும் கதவையும் கவனித்து அலாரம் அனுப்புவது எங்கள் பெட்டி. எங்கள் திரையில் அந்தப் பெட்டிக்கு நேரே மூன்று வாரமாகப் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பழைய மென்பொருள். அலாரப் பிழையைத் திருத்தத்தான் அந்த அப்டேட்டையே அனுப்பியிருந்தோம். கெட்டுப்போன மீன் யாருடைய பணம் என்பதை நினைத்தால் இன்றும் மனது உறுத்துகிறது.

லினக்ஸ் ஓடும் இப்படியான பெட்டிகளில் மென்பொருளை வைக்க ஏ, பி என்று இரண்டு பக்கங்கள் இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றதில் புதியதை எழுதி, அடுத்த முறை அங்கிருந்து எழும்பு என்று பூட்லோடருக்கு, அதாவது பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் சிறு நிரலுக்கு, சொல்வோம். நாங்கள் பயன்படுத்துவது யூ-பூட். புதிய பக்கம் எழும்ப முயலும் ஒவ்வொரு முறையும் அது ‘பூட்கவுண்ட்’ என்ற எண்ணை ஒன்று கூட்டும். ‘பூட்லிமிட்’ 3 என்றால், நான்காம் முறை வழக்கமான கட்டளையை விட்டு ‘ஆல்ட்பூட்கமாண்ட்’ என்பதை ஓட்டும். பழைய பக்கத்துக்குத் திரும்பும் வழியை அதில் நாங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

அன்றிரவு இடியோடு மழை. கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. எழும்பி முடிக்குமுன் மூன்று தடவை நின்றதால் பெட்டி பழைய பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அதுவரை எல்லாம் சரி, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. தவறு எங்களுடையது.

பெட்டியில் அப்டேட்டை நிறுவும் எஸ்டபிள்யூ-அப்டேட் கருவி, வேலையை முடித்ததும் ‘யூஸ்டேட்’ என்ற மாறியில் 1 என்று எழுதும். நிறுவியாயிற்று, இன்னும் உறுதியாகவில்லை என்பது அதன் பொருள். 0 என்றால் எல்லாம் நலம், 3 என்றால் தோல்வி. எங்கள் ஆல்ட்பூட்கமாண்ட் பக்கத்தை மட்டும் மாற்றியது, 3 என்று எழுதவில்லை. அப்புறம் பழைய பக்கம் எழும்பி, 1 இருப்பதைக் கண்டு, தன்னையே புதியதென்று எண்ணி ‘வெற்றி’ என்று சேவையகத்துக்கு அறிவித்து, மாறியை 0 ஆக்கிவிட்டது. தடயமே இல்லை.

இப்போது திரும்பும் பாதையிலேயே 3 எழுதப்படுகிறது. 1 இருந்தாலும், ஓடுவது எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு என்று ஒப்பிட்டு, உணரி ஒரு தடவையாவது வெப்பநிலையைப் படித்து அனுப்பிய பிறகே உறுதி செய்கிறோம். லொகின் திரை வந்துவிட்டதே என்று உறுதி செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பூட்கவுண்ட் எண்ணிக்கையைச் சூழல் மாறிகளில், அதாவது யூ-பூட் சேமித்து வைக்கும் அமைப்புகளில், வைத்திருந்தால், ‘அப்கிரேட்-அவைலபிள்’ 1 ஆக இருக்கும்போது மட்டுமே யூ-பூட் எண்ணும். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஃபிளாஷில் எழுதித் தேய்க்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்டேட் பொதியில் அதை 1 ஆக்க மறந்தால் திரும்புதலே நடக்காது. கர்னல் பானிக் ஆனால், அதாவது லினக்ஸின் மையப்பகுதி மீளமுடியாத பிழையில் விழுந்தால், இயல்பில் அப்படியே நின்றுவிடும், மறுதொடக்கம் இல்லை, எண்ணும் ஏறாது. ‘பானிக்’ அளவுருவுக்குச் சில வினாடிகள் கொடுங்கள், உறைந்த பெட்டியைத் தானாக மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக்கைப் பூட்லோடரிலேயே இயக்குங்கள்.

மாறிகளை இரண்டு பிரதிகளாக வைக்காத பெட்டியை நான் வெளியே அனுப்புவதில்லை. எழுதும்போது மின் போனால், தரவு சரியா என்று பார்க்கும் சிஆர்சி எண் பொருந்தாது; ஒரே பிரதியென்றால் யூ-பூட் இயல்பு மதிப்புகளுக்குப் போய்விடும், நிலை முழுதும் அழியும். இரட்டைப் பிரதியில் சிஆர்சிக்குப் பின் ஒரு பைட் கூடுதலாக இருக்கும். அதனால் லினக்ஸில் உள்ள அமைப்புக் கோப்பில் ஒரு பிரதியை மட்டும் குறித்தால், நல்ல தரவைக்கூடக் கெட்டதென்றே மாறிகளைப் படிக்கும் கருவி சொல்லும். இதில் ஒரு முழு நாள் போயிருக்கிறது.

சோதனைக்குப் புறக்கோட்டையில் வாங்கிய டைமர் ப்ளக் ஒன்று போதும். அப்டேட் நடக்கும்போது அது கரண்டை வெட்டட்டும், பல இரவுகள்.

இப்போது ஒவ்வொரு பெட்டியும் நலச்செய்தியோடு யூஸ்டேட், பூட்கவுண்ட், ஓடும் பக்கம், ‘ரிகவரி-ஸ்டேட்டஸ்’ நான்கையும் அனுப்புகிறது. கடைசியாகச் சொன்னது, நிறுவல் தொடங்கும்போது எழுதப்பட்டு நல்லபடி முடிந்தால் அழிக்கப்படுவது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டு இலங்கை முழுதும் இருண்ட முற்பகலில், எங்கள் பெட்டிகள் சில அப்டேட்டின் நடுவில் இருந்தன. மின் திரும்பியதும் இரண்டில் மட்டும் ரிகவரி-ஸ்டேட்டஸ் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்றே நின்றது. இரண்டும் பழைய பக்கத்தில் பத்திரமாக ஓடின. அன்றிரவே அவற்றுக்கு மட்டும் மறுபடி அனுப்பினோம்.