கிரிப்டோ சூதாட்டத் தளம் ‘நாங்கள் ஏமாற்றவில்லை’ என்று எப்படி நிரூபிக்கிறது?

கிரிப்டோவில் பணம் கட்டி ஆடும் ஒரு பகடைத் தளத்தில், ‘ஒவ்வொரு உருட்டலும் நேர்மையானது, சந்தேகமிருந்தால் நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போட்டிருக்கிறார்களே, இது உண்மையா அல்லது உடான்ஸா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் தம்பி என்று நினைக்கிறேன்.

உண்மைதான் தம்பி. ‘ப்ரூவபிலி ஃபேர்’ (நிரூபித்துக் காட்டக்கூடிய நேர்மை) என்று அவர்கள் சொல்லிக்கொள்வதற்குப் பின்னால் இருக்கும் கணிதம் அசலானது, நாற்பது வருடத்துக்கும் மேல் பழசு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதை அந்தத் தளங்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

நேரில் ஆடினால் பகடை கண்ணெதிரே உருளும். இணையத்தில் வருவது ஒரு எண், அதை உருவாக்கும் நிரல் இருப்பது நடத்துபவரின் சர்வரில், அதுவும் நீங்கள் எதன் மேல் எவ்வளவு கட்டினீர்கள் என்று தெரிந்த பிறகு வருகிறது. எப்படி நம்புவது? சரி, நிரலையே வெளியிட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். 1990களின் கடைசியில் ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் அதைச் செய்தது. இணைய போக்கருக்கு மென்பொருள் எழுதி, சீட்டை எப்படிக் கலைக்கிறோம் பாருங்கள் என்று பெருமையாக நிரலை எல்லாருக்கும் காட்டியது. 1999இல் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தின் ஆட்கள் அதை உட்கார்ந்து படித்தார்கள். 52 சீட்டுகளை அடுக்கும் விதங்களின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. அந்த நிரலோ, நள்ளிரவு தாண்டி எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்ற ஒற்றை எண்ணிலிருந்து கலைக்கத் தொடங்கியது. ஒரு நாளில் இருப்பதே 8 கோடியே 64 லட்சம் மில்லிவினாடிதான். சர்வர் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்தியதும் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. கையில் இருக்கும் இரண்டு சீட்டும் மேசையில் விழுந்த மூன்று சீட்டும் தெரிந்தால் போதும், மற்ற எல்லார் கையிலும் என்ன இருக்கிறது என்று ஆட்டம் நடக்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

ஆக ரகசியமும் வேண்டும், அந்த ரகசியத்தைப் பின்னால் மாற்ற முடியாது என்ற உத்தரவாதமும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் மாதிரித் தெரிகிறதல்லவா? இங்கேதான் கணினி விஞ்ஞானி மானுவல் பிளம் வருகிறார். 1981இல் அவர் கேட்ட கேள்வி இது: விவாகரத்தாகி வேறு வேறு ஊரில் இருக்கும் இருவர், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல், காரை யார் எடுத்துக்கொள்வது என்று தொலைபேசியிலேயே பூவா தலையா போட்டுப் பார்க்க முடியுமா? நான் ‘தலை’ என்கிறேன், மறுமுனையில் காசைச் சுண்டியவர் ‘ஐயோ, பூ விழுந்துவிட்டது’ என்கிறார். நம்ப எனக்கு என்ன பைத்தியமா? பிளம் எண் கோட்பாட்டை வைத்து ஒரு வழி சொன்னார். இன்று அதே காரியத்தை ஹேஷ் சார்புகளை வைத்து இன்னும் சுலபமாகச் செய்கிறோம்.

ஹேஷ் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எச்ஏ-256 என்பது அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ வடிவமைத்து 2001இல் வெளிவந்த ஒரு சார்பு. உள்ளே எதைக் கொடுத்தாலும், ஓர் எழுத்தானாலும் ஒரு முழு அகராதியானாலும், வெளியே வருவது 256 பிட்தான். எழுதினால் 64 குறிகள். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. ஓர் எழுத்தை மாற்றினால் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறிவிடும். விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஒரே விடையைத் தரும் இரண்டு வேறு உள்ளீடுகளை இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டியதும் இல்லை.

இப்போது காசு சுண்டுகிறவர் முதலில் தன் முடிவின் ஹேஷை எனக்கு அனுப்புகிறார். ஒட்டின கவரைக் கொடுப்பது போல. நான் பூவா தலையா என்று சொன்ன பிறகு அவர் அசல் முடிவைச் சொல்கிறார், நான் அதற்கு ஹேஷ் போட்டு முன்பு வந்ததோடு ஒப்பிடுகிறேன். மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வார். அவ்வளவுதானா? இல்லை, இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கக்கூடியது ‘பூ’, ‘தலை’ என்ற இரண்டே சொற்கள். நான் இரண்டுக்கும் ஹேஷ் போட்டுப் பார்த்தால் கவருக்குள் என்ன என்று பிரிக்காமலே தெரிந்துவிடும்! நாலு இலக்க எண்ணாக இருந்தாலும் பத்தாயிரம் முறை முயன்றால் போதும், செல்போனுக்கே அது கண்சிமிட்டும் நேரம். அதனால் முடிவோடு குருட்டாம்போக்கில் எடுத்த நீளமான ஓர் எண்ணையும் ஒட்டி ஹேஷ் போட வேண்டும். 256 பிட் நீளம் என்றால் சாத்தியங்களின் எண்ணிக்கை 78 இலக்கம். தேடுகிறவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பகடைத் தளம் செய்வதும் இதுதான். சர்வர் ஒரு நீள ரகசிய எண்ணை எடுத்து, அதன் ஹேஷை மட்டும் முதலில் உங்களிடம் காட்டுகிறது. இந்த ரகசியத்தைச் சர்வர் விதை என்பார்கள். நீங்கள் உங்கள் பங்குக்கு ஏதோ ஒரு சொற்றொடர் தருகிறீர்கள், அது ஆட்டக்காரர் விதை. இரண்டோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும் ஆட்ட வரிசை எண்ணையும் சேர்த்து ஹேஷ் எந்திரத்தில் போட்டு, வருவதன் முதல் சில பிட்டுகளை 0 முதல் 99.99 வரையான எண்ணாக மாற்றினால் அதுதான் உருட்டல். ஆட்டம் முடித்து விதையை மாற்றச் சொன்னதும் பழைய சர்வர் விதையை வெளியிடுகிறார்கள், நீங்கள் உருட்டல்கள் அத்தனையையும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எதற்கு இரண்டு விதை? சர்வர் விதை மட்டும் இருந்தால், கவரை மாற்ற முடியாதுதான், ஆனால் கவருக்குள் எதைப் போடுவது என்பது அவர்கள் இஷ்டம். உருட்டலில் வரும் எண் 50க்கு மேல் இருக்கும் என்றுதான் நீங்கள் எப்போதும் கட்டுவீர்கள் என்று உங்கள் பழைய ஆட்டங்களிலிருந்து அவர்களுக்குத் தெரியும். ஆயிரம் விதைகளை ஓட்டிப் பார்த்து, முதல் இருபது உருட்டலில் உங்களை மொட்டையடிக்கும் விதையாகத் தேர்ந்தெடுத்து அதன் ஹேஷைக் காட்டலாம். கணக்கு அப்போதும் அச்சு அசலாகச் சரியாக வரும்! உங்கள் விதை நடுவில் புகுந்து இதைக் கலைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஹேஷைப் பார்த்த பிறகு நீங்கள் விதையைத் தர வேண்டும். பல தளங்களில் ஆட்டக்காரர் விதையையும் தளமே நிரப்பி வைத்திருக்கும், முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. இரண்டையும் ஒருவரே போட்டால் இந்த அழகான ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. வரிசையைத் தலைகீழாக்கினால் மொத்தமும் விழுந்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

இதைப் பிட்காயினில் பிரபலமாக்கியது 2012 ஏப்ரலில் எரிக் வூர்ஹீஸ் தொடங்கிய சடோஷிடைஸ் என்ற பகடைத் தளம். கணக்கு, பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. ஒரு முகவரிக்குப் பிட்காயின் அனுப்பினால் அதுதான் பந்தயம், அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்தான் ஆட்டக்காரர் விதை. பிட்காயின் வலையில் நடந்த பரிவர்த்தனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விளையாட்டாக இருந்த நாட்களும் உண்டு. 2013இல் அந்தத் தளம் 1,26,315 பிட்காயினுக்குக் கைமாறியது.

ரகசிய விதை கசிந்தால் என்ன ஆகும்? அது கடைக்காரரையே காலி செய்துவிடும். 2014இல் பிரைம்டைஸ் தளத்தில் நடந்தது அதுதான். ஒருவர் சர்வருக்கு அடுத்தடுத்து வேகமாகக் கோரிக்கைகளை அனுப்பிக் குழப்பி, இன்னும் பயன்பாட்டில் இருக்கும் விதையையே வெளியே கக்க வைத்தார். அடுத்த உருட்டல் என்ன என்று தெரிந்துகொண்டு ஆடி, ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினை வாரிக்கொண்டு போனார். ஹேஷ் அப்படியே கெட்டியாகத்தான் இருந்தது, அதைச் சுற்றி எழுதிய நிரலில் வாசல் திறந்திருந்தது.

சரி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, சர்வரும் யோக்கியம் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் ஜெயிப்பீர்களா? நடத்துபவருக்கு 1 சதவீதம் மட்டும் போகும் பகடை ஆட்டத்தில், இரட்டிப்புப் பந்தயம் ஜெயிக்கும் வாய்ப்பு 49.5 சதவீதம். பாதிக்குப் பாதிதானே என்று தோன்றும். கையில் 100 ரூபாயோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ரூபாயாகக் கட்டி, 200 ஆகும் வரை அல்லது ஓட்டாண்டியாகும் வரை ஆடுங்கள். 200 ஆக்கி எழுந்து வரும் வாய்ப்பு 12 சதவீதம்தான். 1,000 ரூபாயை அதேபோல் ஒவ்வொரு ரூபாயாகக் கட்டி 2,000 ஆக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 48 கோடியில் ஒன்று. பள்ளி நிகழ்தகவுக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உருட்டலும் நூற்றுக்கு நூறு நேர்மை, மொத்தத்தில் தோல்வி கிட்டத்தட்ட உறுதி. இதில் ராசியான எண்ணை விதையாகப் போடுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள், பிறந்த தேதி, நட்சத்திரம், எண்கணிதக்காரர் தந்த பெயர் என்று. எஸ்எச்ஏ-256க்கு உங்கள் நட்சத்திரம் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் எல்லாம் தலைகீழாகும்படி திட்டமிட்டுச் செய்த ஒன்றில் ராசியைத் தேடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்தது பணம். கார்டு கம்பெனிகள் சூதாட்டத்துக்கு 7995 என்று தனி வணிகக் குறியீடே வைத்திருக்கின்றன, வங்கி நினைத்தால் அதைப் பார்த்துத் தடுத்துவிடலாம். கார்டில் கட்டித் தோற்றவர் ‘நான் கட்டவில்லை’ என்று வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தளங்களுக்கு இரண்டும் தலைவலி. கிரிப்டோவில் இரண்டும் இல்லை. நடுவில் வங்கி கிடையாது, போன பணம் திரும்பாது. ஆனால் அங்கே வேறு வம்பு. பிட்காயின் பரிவர்த்தனை பிளாக்கில், அதாவது பொதுப் பேரேட்டின் அடுத்த பக்கத்தில், ஏற சராசரியாக 10 நிமிடம் ஆகும், பகடை ஆடுகிறவர் அதுவரை காத்திருப்பாரா? சடோஷிடைஸ் காத்திருக்காமலே உடனே முடிவு சொன்னது. வென்றவருக்குத் தரும் பணத்தை அவர் அனுப்பிய அதே காசிலிருந்து செலவாகும்படி கோத்துவிட்டது, அவர் பந்தயத்தை வாபஸ் வாங்கினால் பரிசும் செல்லாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தோற்றவர்? முடிவு தெரிந்ததும் அதே காசைத் தனக்கே அனுப்பிக்கொள்ளும் இன்னொரு பரிவர்த்தனையைச் செய்து, அதை எப்படியாவது முதலில் பிளாக்கில் ஏற்றிவிட்டால், தோற்ற பந்தயம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். 2013இல் ஜிஹேஷ் என்ற மைனிங் பூலின் (பரிவர்த்தனைகளைப் பிளாக்கில் ஏற்றுகிறவர்களின் கூட்டணி) பலத்தைக் கொண்டு பெட்காயின் டைஸ் தளத்திடம் இதையே செய்தார்கள். அதனால்தான் இப்போது பணம் போட்டால் உறுதியாகும் வரை காக்க வைக்கிறார்கள்.

வென்றவர்களுக்கு உடனுக்குடன் கொடுக்க வேண்டும் என்பதால் தளத்தின் பணத்தில் ஒரு பகுதி எப்போதும் இணையத்தோடு இணைந்த ஹாட் வாலட்டில் இருக்கும். 2023 செப்டம்பர் 4 அன்று ஸ்டேக் என்ற கிரிப்டோ சூதாட்டத் தளத்திலிருந்து சுமார் 4 கோடியே 10 லட்சம் டாலர் போனது அப்படித்தான். வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழுவின் வேலை என்று எஃப்பிஐ சில நாட்களிலேயே அறிவித்தது, எந்தெந்த முகவரிக்குப் போனது என்ற பட்டியலோடு. பிளாக்செயின் திறந்த பேரேடு, பணம் எங்கே போகிறது என்று எல்லாரும் பார்க்கலாம், கையை வைத்து எடுக்கத்தான் முடியாது. நீங்கள் வென்ற பணத்தைத் தளம் தர மறுத்தாலும் இதே நிலைதான். உருட்டல் நேர்மை என்பதற்கு ஹேஷ் சாட்சி சொல்லும், பட்டுவாடாவுக்குச் சொல்லாது. ‘அடையாள ஆவணம் அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம்’ என்று இழுத்தடித்தால் எங்கோ தீவில் பதிவான கம்பெனியிடம் யார் போய் வழக்குப் போடுவது? இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டப்படி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளே தடை, வங்கிகளும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்யக்கூடாது. தமிழ்நாட்டில் 2023இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதனால் புகார் கொடுக்கவே பயப்படும் இடத்தில் ஆட்டக்காரர் நிற்கிறார் என்பது அந்தத் தளங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு இதில் ஆதங்கமே வேறு. இவ்வளவு நேர்த்தியான ஒரு யோசனை, போயும் போயும் சூதாட்ட விடுதியில் குடியிருக்கிறது. நம் ஊரில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல், வீட்டுவசதி வாரிய ஒதுக்கீட்டுக்குக் குலுக்கல், ஹஜ் பயணத்துக்குக் குலுக்கல். பெயர் வராதவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும், அதைத் தீர்க்க ஒரு வழியும் நாம் வைக்கவில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி நிமிடத்துக்கு ஒரு முறை 512 பிட் சீரற்ற எண்ணைப் பொதுவில் வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். சீரற்ற எண்ணை உருவாக்க குவாண்டம் தொழில்நுட்பமும் உதவும், இங்கே தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம். அதில் ஒரு துளியைக் கிள்ளி இப்படி ஒரு பொதுச் சேவையை நம் நிறுவனம் ஒன்று நடத்தினால் என்ன என்று நான் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குவாண்டம்கூட வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல் தேர்தல் முடிந்ததும் எந்தெந்த வாக்குச்சீட்டுகளைக் கையால் தணிக்கை செய்வது என்று தீர்மானிக்க, பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகப் பகடையை இருபது முறை உருட்டி, வரும் இருபது இலக்கத்தை எஸ்எச்ஏ-256 அடிப்படையிலான நிரலில் விதையாகப் போடுகிறார்கள். பள்ளிச் சேர்க்கைக்கும் அதைச் செய்யலாம். விண்ணப்பித்தவர்களின் வரிசைப் பட்டியலுக்கு ஹேஷ் போட்டு முந்தின நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும், மறுநாள் வந்திருக்கும் பெற்றோர்களில் இருபது பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தடவை பகடையை உருட்டச் சொல்ல வேண்டும். மீதிக் கணக்கை யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.