பல்பொருள் அங்காடியா, பல்துறை அங்காடியா?

லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் உள்ள 'டிபார்ட்மென்ட் ஸ்டோர்' வகைக் கடையான ஹாரட்ஸ் செய்தியில் அடிபடும்போதெல்லாம், அதைப் 'பல்பொருள் அங்காடி' என்றோ 'சூப்பர் மார்க்கெட்' என்றோ எழுதிக் கடந்துபோகும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இரண்டுமே பிழை.

'டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்பதன் முதற்சொல், பகுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையின் வழிவந்தது. 'ஸ்டோர்' என்பது சேமித்து வைக்கும் இடம். நம் கூட்டுறவுக்காரர்கள் இந்த இரண்டாம் சொல்லைத்தான் 'பண்டகசாலை' ஆக்கினார்கள். அது போகட்டும், இந்தப் பெயரின் உயிர் பகுப்பில் இருக்கிறது. துணிக்கு ஒரு துறை, நகைக்கு ஒரு துறை, உணவுக்கு ஒரு துறை என ஒவ்வொன்றும் தனக்கென ஆட்களையும் கொள்முதலையும் கணக்கையும் உடையதாய் ஒரே கூரையின்கீழ் இயங்குவதே இவ்வகைக் கடை. கூடையை நிரப்பிக்கொண்டு வாசலருகே ஒரே இடத்தில் பணம் கட்டிவிட்டு வெளியேறும் கடைக்கும் இதற்கும் உறவில்லை.

குழப்பம் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் தொடங்கியது. அரிசி, பருப்பு, சோப்பு விற்கும் மளிகைக் கடைகள் தம்மை 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்ஸ்' என்று அழைத்துக்கொண்டன. அவற்றுக்குப் 'பல்பொருள் அங்காடி' என்று பெயரிட்டவர் சரியாகவே பெயரிட்டார். அந்தப் பெயரையே தூக்கிப்போய் ஹாரட்ஸின் தலையில் சூட்டியவர்தான் கடையைப் பாராமல் பலகையை மொழிபெயர்த்தார்.

'எல்லோருக்கும் எல்லாம் எங்கும்' என்பதுதானே ஹாரட்ஸின் இலத்தீன் குறிக்கோள், பிறகு பல்பொருள் என்றால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. அது விளம்பர வாசகம். கடையின் அமைப்பைச் சொல்வதன்று. 1849-இல் சார்லஸ் ஹென்றி ஹாரட் மளிகையும் தேயிலையும் விற்ற சிறு கடையாக அது இருந்தபோது பல்பொருள் அங்காடி என்று அழைத்திருந்தால் பொருந்தியிருக்கும். அவர் மகன் கடையை விரித்தார். 1883 டிசம்பரில் தீ அதை விழுங்கியது. மீண்டும் எழுந்த கடை அதன்பின் வேறொன்றாக வளர்ந்தது. 1898-இல் நகரும் படிக்கட்டு வைத்து, ஏறி வந்ததில் மிரண்டவர்களுக்கு மேலே பிராந்தி கொடுத்த கடை அது. இன்று ஏறத்தாழ ஐந்து ஏக்கர் மனையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட துறைகள் உள்ளன. 1969-இல் அதன் விலங்குத் துறையில் சிங்கக்குட்டி ஒன்றும் விற்பனையானது. அதையும் பல பொருள்களுள் ஒரு பொருளாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதைப் பல்பொருள்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறகு எப்படித்தான் அழைப்பது? 'பேரங்காடி' அளவை மட்டும் சொல்கிறது. சிங்கப்பூரில் அது சூப்பர் மார்க்கெட்டுக்கே நிலைத்தும்விட்டது. 'துறை அங்காடி' என்றால் வருவாய்த் துறை நடத்தும் கடையோ என்ற ஐயம் எழும். 'பல்துறை அங்காடி' என்பதில் இந்த இடர்கள் இல்லை; பல்துறை அறிஞர் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அது புதிதும் அன்று. அங்காடி என்பது பழந்தமிழில் தனிக்கடையைவிடச் சந்தையையே குறித்தது என்பதற்குப் புகாரின் நாளங்காடியும் (பகல் சந்தை) மதுரையின் அல்லங்காடியும் (இரவுச் சந்தை) சான்று. சிலப்பதிகார மதுரையில் பொற்கடைக்கும் அறுவைக்கும் (துணி) கூலத்துக்கும் (தானியம்) தனித்தனி வீதிகள் இருந்தன. அவ்வீதிகளை ஒரே முதலாளியின் கூரைக்குள் கொண்டுவந்தால் ஹாரட்ஸ் கிடைக்கும்.

சொல் பிசகினால் செய்தியும் பிசகும். 1985-இல் எகிப்திய வணிகர்களான அல் ஃபாயத் சகோதரர்கள் இந்தக் கடையை வைத்திருந்த ஹவுஸ் ஆஃப் ஃபிரேசர் நிறுவனத்தையே வாங்கினர். தங்கள் செல்வம் குறித்தும் பிறப்பு குறித்தும் அவர்கள் பொய் சொன்னதாக 1990-இல் வெளியான அரசு ஆய்வாளர்களின் அறிக்கை கூறியது. 2010-இல் கடை கத்தாரின் கைக்கு மாறியது. அச்சகோதரர்களில் ஒருவரான முகமது அல் ஃபாயத் இறந்த மறு ஆண்டான 2024-இல், அவர் விற்பனைத் தளங்களைச் சுற்றிவந்து இளம் பெண் ஊழியர்களைக் கண்டெடுத்துத் தன் அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டதாகவும், பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகவும் பெண்கள் பலர் பிபிசியிடம் கூறினர். மளிகைக் கடையை மனத்தில் வைத்துப் படிப்பவருக்குத் தளம் தளமாக விரியும் அந்தக் கட்டடமோ, ஒரு துறையின் கடைநிலை ஊழியருக்கும் உச்சி மாடி முதலாளிக்கும் இடையிலிருந்த தொலைவோ பிடிபடாது.

இதன் முன்னொட்டாகச் 'சொகுசு' என்று சேர்ப்பதையும் விட்டுவிடலாம். சொகுசு, சாய்ந்து உறங்க வசதியுள்ள பேருந்துக்கு ஆகும். ஹாரட்ஸுக்கு ஆடம்பரமே தகும்.